எந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கும்? சீட் எடுக்கும் முன் பார்க்க வேண்டிய எண்கள் என்னென்ன?

பிளஸ் 2 ரிசல்ட் வந்த நாளிலிருந்து பொறியியல் கலந்தாய்வில் சாய்ஸ் பதியும் நாள் வரை, தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துடு தம்பி, அதுதான் இப்ப ஓடுது" என்பார் மாமா. "ஏ.ஐ. வந்துடுச்சு, இனிமே ஐ.டி.யில ஆளே எடுக்க மாட்டாங்களாம்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "எதுக்கு வம்பு, ஏதாவது ஒரு டிகிரி முடிச்சிட்டு குரூப் 4 எழுதட்டும்" என்பார் அப்பா.

மூன்று பேருமே எங்கோ பார்த்த செய்தியை வைத்துத்தான் பேசுகிறார்கள். செய்தி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சிக்கல் வேறு. செய்தி இன்றைய நிலவரத்தைச் சொல்கிறது. இன்று சீட் எடுக்கும் மாணவர் வேலை தேடி வெளியே வருவது நான்கு வருடம் கழித்து. நடுவில் குடும்பத்தின் சேமிப்பு, கல்விக் கடன், நான்கு வருட உழைப்பு எல்லாம் அந்த ஒரு முடிவின் மேல் நிற்கிறது.

வேலைச் சந்தை பற்றிய தகவல்கள் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. மத்திய அரசு வெளியிடுகிறது, மாநில அரசு வெளியிடுகிறது, நிறுவனங்களும் வெளியிடுகின்றன. ஆனால் எந்த எண் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இன்றைய 'டிமாண்ட்' நான்கு வருடம் கழித்து இருக்குமா?

ஐ.டி. துறையையே எடுத்துக்கொள்வோம். இந்தத் துறையின் கூட்டமைப்பான நாஸ்காம் ஒவ்வொரு ஆண்டும் நிகர வேலைவாய்ப்பு எவ்வளவு கூடியது என்று வெளியிடுகிறது. நிகரம் என்றால், புதிதாகச் சேர்ந்தவர்களில் இருந்து வெளியேறியவர்களைக் கழித்த பின் வரும் எண்ணிக்கை.

2021-22இல் சுமார் 4.5 லட்சம்.
2022-23இல் சுமார் 2.9 லட்சம்.
2023-24இல் சுமார் 60 ஆயிரம்.
2024-25இல் சுமார் 1.26 லட்சம்.

இந்த நான்கு வரிகளையும் ஒரு மாணவரின் கண்ணால் பாருங்கள். கொரோனாவுக்குப் பின் கம்பெனிகள் ஆளெடுக்கப் போட்டி போட்ட 2021இல் ஒருவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்கிறார். எங்கு பார்த்தாலும் வேலை என்ற செய்தி. அவர் மூன்றாம் ஆண்டு முடிக்கும் 2024இல் நிகர வேலை எண்ணிக்கை ஏழில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. அவர் படிப்பை முடித்த 2025 ஜூலையில், நாட்டின் மிகப் பெரிய ஐ.டி. நிறுவனமான டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12 ஆயிரம் பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது.

அவர் தவறான படிப்பை எடுத்தாரா? இல்லை. உச்சத்தில் இருந்தபோது வந்த எண்ணைப் பார்த்து, அது அப்படியே நீடிக்கும் என்று நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இது இந்தியாவில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் ஃப்ரீமேன் 1976லேயே பொறியாளர்களின் வேலைச் சந்தையை ஆராய்ந்து இதை விளக்கினார். சம்பளம் ஏறுகிறது, எல்லோரும் அந்தப் படிப்பில் சேர்கிறார்கள், நான்கு வருடம் கழித்து மொத்தமாக வெளியே வருகிறார்கள், ஆள் அதிகமாகிச் சம்பளம் இறங்குகிறது, அடுத்த செட் மாணவர்கள் அந்தப் படிப்பைத் தவிர்க்கிறார்கள், சில வருடத்தில் ஆள் பற்றாக்குறை வந்து மீண்டும் சம்பளம் ஏறுகிறது. வரைபடமாகப் போட்டால் சிலந்தி வலை போல் சுற்றிச் சுற்றி வரும். அதனால் இதற்கு 'சிலந்தி வலை மாதிரி' என்றே பெயர்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நன்றாகச் செயல்படும் கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை, 2024-25 கல்வியாண்டு முதல் ஏ.ஐ.சி.டி.இ. நீக்கியது. பல கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் இடங்களைக் கூட்டின. அந்த இடங்களில் சேர்ந்தவர்கள் 2028இல் ஒன்றாக வெளியே வருவார்கள். ஆகவே 'எத்தனை வேலை இருக்கிறது' என்று மட்டும் கேட்டால் போதாது. 'அதே வேலைக்கு என்னோடு எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள்' என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அப்படியானால் ஐ.டி. வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது. அந்தத் துறையில் இன்றும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்க்கிறார்கள். வெளிநாட்டு வங்கிகளும் கார் கம்பெனிகளும் மருந்து நிறுவனங்களும் தங்கள் சொந்த வேலைக்காக இங்கே நடத்தும் மையங்கள் மட்டும் 1,700க்கு மேல் உள்ளன. அவற்றில் சுமார் 19 லட்சம் பேர் இருக்கிறார்கள். குறைந்திருப்பது, டிகிரி இருந்தாலே கும்பலாக எடுத்துப் பயிற்சி கொடுக்கும் வாய்ப்பு. இன்னொன்றும் உண்டு. பெரிய சேவை நிறுவனங்களில் புதியவர்களுக்கான ஆரம்பச் சம்பளம் ஆண்டுக்கு 3 முதல் 4 லட்சம் ரூபாய் என்ற அளவில் 10 வருடத்துக்கும் மேலாக நிற்கிறது. விலைவாசி மட்டும்தான் ஏறியிருக்கிறது.

'வேலையின்மை 3.2 சதவீதம்தானே?' என்பவர்களுக்கு

மத்திய புள்ளியியல் அலுவலகம் 2017 முதல் நடத்தும் தொழிலாளர் கணக்கெடுப்புதான் இந்தியாவில் வேலைவாய்ப்புக்கான முக்கியத் தரவு. சுருக்கமாக பி.எல்.எஃப்.எஸ். என்பார்கள். இதன் 2023-24 அறிக்கைப்படி, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் வேலையின்மை 3.2 சதவீதம். பார்த்தால் நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் அதே அறிக்கையில் 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கு அது 10.2 சதவீதம். அதற்கு முந்தைய 2022-23 அறிக்கையில் பட்டதாரிகளின் வேலையின்மை 13.4 சதவீதம்.

படிக்கப் படிக்க வேலையின்மை கூடுவது ஏன்? காரணம் எளிது. படிக்காத ஏழைக் குடும்பத்து ஆள் வேலை இல்லாமல் ஒரு மாதம் கூட உட்கார முடியாது. கிடைத்த கூலிக்குப் போய்விடுவார், கணக்கில் 'வேலையில் உள்ளவர்' ஆகிவிடுவார். படித்தவர், படிப்புக்கு ஏற்ற வேலைக்காகக் காத்திருப்பார்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2025 முதல் இந்தக் கணக்கெடுப்பு மாதந்தோறும் வெளியாகிறது. முதலில் வந்த 2025 ஏப்ரல் மாத எண் 5.1 சதவீதம். உடனே '3.2இல் இருந்து 5.1 ஆகிவிட்டது' என்று ஒப்பிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு அளவுகோல். 3.2 என்பது ஒரு வருடம் முழுவதையும் பார்த்துச் சொல்வது. 5.1 என்பது கடந்த ஒரு வாரத்தை மட்டும் பார்த்துச் சொல்வது. அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர்தான்.

மாணவருக்குப் பயன்படும் எண் வேறு பக்கத்தில் இருக்கிறது. 2023-24இல் வேலையில் உள்ளவர்களில் மாதச் சம்பளக்காரர்கள் 21.7 சதவீதம்தான். 58.4 சதவீதம் பேர் சுயதொழில், 19.8 சதவீதம் பேர் தினக்கூலி. அதாவது, வேலையில் இருக்கும் ஐந்து பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் மாதச் சம்பளம். அந்த மாதச் சம்பளத்தின் சராசரியும் 20 ஆயிரம் ரூபாயை ஒட்டியே இருக்கிறது. 'டிகிரி முடித்தால் கை நிறையச் சம்பளம்' என்ற எதிர்பார்ப்பை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

'லட்சம் பேருக்கு வேலை' அறிவிப்பை எப்படிப் படிப்பது?

2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர்கள் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய் முதலீட்டுக்கு ஒப்பந்தங்கள் போடப்பட்டன. நேரடி வேலை 14.54 லட்சம் பேருக்கு, மறைமுக வேலையும் சேர்த்தால் 26.9 லட்சம் பேருக்கு என்று அரசு அறிவித்தது. இந்த எண்ணை எதிர்க்கட்சி ஒரு மாதிரியும் ஆளுங்கட்சி ஒரு மாதிரியும் பேசும். வேலை தேடுபவர் பார்க்க வேண்டியது மூன்று விஷயங்களை.

ஒன்று, காலம். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது எண்ணத்தைச் சொல்லும் காகிதம். நிலம், அனுமதி, கட்டடம், இயந்திரம் எல்லாம் முடிந்து ஆளெடுக்கப் பல வருடம் ஆகலாம். தூத்துக்குடி வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல், 2025 ஆகஸ்டில் திறப்பு. இது வேகமாக நடந்த உதாரணம். எல்லாம் இப்படி நடப்பதில்லை.

இரண்டு, யாருக்கு வேலை. ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர்களில் பொறியாளர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலானோர் ஐ.டி.ஐ., டிப்ளமோ, பிளஸ் 2 படித்தவர்கள். பி.இ. முடித்துவிட்டு அந்த அறிவிப்பை நம்பிக் காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஐ.டி.ஐ. படிப்பவருக்கு அதே அறிவிப்பு நல்ல சேதி. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, ரோபோ, சி.என்.சி. போன்ற நவீன இயந்திரங்களுடன் மேம்படுத்தப்பட்டது இந்தத் தேவையை மனதில் வைத்துத்தான்.

மூன்று, எந்த மாதிரி வேலை. நாடு முழுவதும் தொழிற்சாலைகளைக் கணக்கெடுக்கும் ஆண்டு அறிக்கையின்படி, தொழிற்சாலைத் தொழிலாளர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள். 'கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா?' என்ற கேள்வியை நேர்காணலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

கம்பெனி போகலாம், கைத்தொழில் போகாது

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8 ஆயிரம் பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை மூடும் அறிவிப்பு 2021 செப்டம்பரில் வந்தது, 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. இரண்டுமே தொடங்கியபோது 'இனி கவலையில்லை' என்று பேசப்பட்ட ஆலைகள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அதே நோக்கியா வளாகத்தைப் பின்னர் செல்போன் சார்ஜர் செய்யும் சால்காம்ப் நிறுவனம் வாங்கியது. அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் தயாரிக்கிறது, ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் மாறினாலும், சர்க்யூட் போர்டு அசெம்பிளி, தரப் பரிசோதனை, இயந்திரப் பராமரிப்பு ஆகிய வேலைகள் அந்த வட்டாரத்தில் தொடர்கின்றன.

இதிலிருந்து ஒரு பாடம் எடுக்கலாம். ஒரு கம்பெனியை நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து. நான்கைந்து கம்பெனிகளுக்குத் தேவைப்படும் ஒரு திறமையைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு.

உங்கள் மாவட்டத்தின் தொழில் என்ன?

இந்தியாவிலேயே தொழிற்சாலை எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான். நாட்டின் மொத்தத் தொழிற்சாலைப் பணியாளர்களில் சுமார் 15 சதவீதம் பேர் இங்கே இருக்கிறார்கள். தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இந்தியப் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேல் தமிழ்நாட்டில்தான். ஆனால் இது எல்லா மாவட்டத்திலும் பரவலாக இல்லை.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் என்றால் கார், செல்போன். கோவை என்றால் பம்பு, மோட்டார், வார்ப்படம், ஐ.டி. திருப்பூர் என்றால் பின்னலாடை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்றால் தோல். கிருஷ்ணகிரி என்றால் இருசக்கர வாகனம், மின்சார வாகனம், மின்னணு. உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் என்ன தொழில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது பெண் பிள்ளைகள் உள்ள பல குடும்பங்களுக்கு இன்னும் முக்கியம். வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் வீட்டில், சென்னையில் மட்டும் வேலை கிடைக்கும் படிப்பைக் கொடுத்துவிட்டுப் பிறகு வீட்டிலேயே உட்கார வைப்பதில் யாருக்கும் லாபமில்லை. சேரும் முன்பே அந்தப் பேச்சைப் பேசிவிட வேண்டும்.

அதே நேரம், ஊர்த் தொழில் எதைச் சார்ந்து நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, திருப்பூரில் ஆர்டர்கள் தள்ளிப்போயின. தையல் மெஷினில் இருந்தவர் முதல் மெர்ச்சண்டைசர் வரை பாதிப்பு தெரிந்தது. ஒரே நாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் தொழிலில் வேலை தேடும்போது, அந்தத் திறமை உள்நாட்டுச் சந்தைக்கும் வேறு நாட்டு ஆர்டருக்கும் உதவுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரசு வேலைக் கணக்கு

2025 ஜூலை 12இல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் சுமார் 13.89 லட்சம் பேர். ஒரு இடத்துக்கு ஏறக்குறைய 350 பேர். பின்னர் இடங்கள் கூட்டப்பட்டாலும் போட்டியின் அளவு பெரிதாக மாறவில்லை. இத்தனைக்கும் அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புதான்.

இதைச் சொல்வது யாரையும் தடுக்க அல்ல. தேர்வாணையம் வெளியிடும் ஆண்டுத் திட்ட அட்டவணையைப் பார்த்து, 'எத்தனை முறை எழுதுவேன், எந்த வயது வரை எழுதுவேன், நடுவில் என்ன வேலை பார்ப்பேன்' என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பதற்காக. எல்லை போடாமல் ஐந்தாறு வருடம் போய்விட்டால், பிறகு தனியார் வேலைக்குப் போகும்போது 'இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?' என்ற கேள்வி காத்திருக்கும்.

பிளேஸ்மென்ட் போஸ்டரில் எதைப் பார்ப்பது?

கல்லூரி வாசலில் இருக்கும் ஃபிளெக்ஸில் 'அதிகபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 40 லட்சம்' என்று போட்டிருப்பார்கள். அது ஒரே ஒரு மாணவரின் சம்பளம். உங்கள் பிள்ளைக்கு வேண்டியது நடுவில் நிற்கும் மாணவரின் சம்பளம்.

ஒரு சின்ன கணக்கு. ஐந்து பேருக்கு வேலை கிடைக்கிறது. நான்கு பேருக்கு 3 லட்சம், ஒருவருக்கு 28 லட்சம். சராசரி போட்டால் 8 லட்சம் வரும். ஆனால் வரிசையில் நடுவில் நிற்பவருக்குக் கிடைப்பது 3 லட்சம்தான். இந்த நடு எண்ணைத்தான் 'மீடியன்' என்பார்கள்.

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், இந்த மீடியன் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் தேர்ச்சி பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள் என்ற விவரமும் அதில் இருக்கும். கல்லூரியின் இணையதளத்தில் என்.ஐ.ஆர்.எஃப். என்ற பகுதியைத் திறந்தால் கிடைத்துவிடும். 200 பேர் சேர்ந்த இடத்தில் 120 பேர் மட்டும் தேர்ச்சி பெற்று, அதில் 90 பேருக்கு வேலை என்றால், போஸ்டரில் '75 சதவீதம் பிளேஸ்மென்ட்' என்று வரும். சேர்ந்தவர்களை வைத்துக் கணக்குப் போட்டால் 45 சதவீதம்தான். அந்தப் பகுதியே இல்லாத கல்லூரியென்றால், அட்மிஷன் அலுவலகத்தில் இதே நான்கு எண்களைக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

கடனும் சம்பளமும்

5 லட்சம் ரூபாய் கல்விக் கடனை 10 சதவீத வட்டியில் 10 வருடத்தில் கட்டினால் மாதத் தவணை சுமார் 6,600 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி சேர்ந்தால் இன்னும் கூடும். முதல் சம்பளம் 18 ஆயிரம் என்றால், சென்னையில் பி.ஜி. வாடகையும் சாப்பாடும் போக மிச்சமிருப்பது அந்தத் தவணைக்கே சரியாக இருக்கும். அதனால் கடன் தொகையை முடிவு செய்யும்போது, அந்தக் கல்லூரியின் மீடியன் சம்பளத்தைப் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். மொத்தக் கடன், முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டிப் போகப் போகச் சுமை கூடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யலாம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். செல்போனும் ஒரு நோட்டும் இருந்தால் சரி.

முதலில், நீங்கள் யோசிக்கும் வேலையின் பெயரில் 30 விளம்பரங்களைத் திரட்டுங்கள். மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம், தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைத் தளம், வழக்கமான தனியார் தளங்கள் எல்லாவற்றிலும் தேடலாம். ஒவ்வொன்றிலும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: ஊர், கேட்கும் அனுபவம், கேட்கும் திறமை, சம்பளம். 30ல் எத்தனை புதியவர்களுக்கு? எந்தத் திறமை திரும்பத் திரும்ப வருகிறது? ஒரே விளம்பரத்தைப் பல கன்சல்டன்சிகள் போட்டிருக்கும், அதை ஒன்றாகவே எண்ணுங்கள். முன்பணம் கேட்கும் விளம்பரத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

இரண்டாவது, நிறுவனங்களின் காலாண்டு அறிக்கையைப் பாருங்கள். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களில் மொத்த ஊழியர் எண்ணிக்கையை வெளியிடுகின்றன. தொடர்ந்து நான்கு காலாண்டு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்தாலே திசை தெரிந்துவிடும். மற்ற துறைகளுக்கு இ.பி.எஃப்.ஓ. மாதந்தோறும் வெளியிடும் புதிய சந்தாதாரர் எண்ணிக்கை உதவும். அதில் 18 முதல் 25 வயது வரையிலான கணக்கு தனியாகவே இருக்கும். ஏற்கெனவே வேலையில் இருந்தவர் புதிதாக பி.எஃப்.பில் சேர்ந்தாலும் அதில் எண்ணப்படுவார். ஆகவே அந்த எண் முழுவதையும் புதிய வேலை என்று எடுத்துக்கொள்ளாமல், ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மூன்றாவது, அந்தக் கல்லூரியில், அந்தப் பிரிவில், மூன்று வருடத்துக்கு முன் முடித்த இரண்டு பேரிடம் பேசுங்கள். டாப்பர் வேண்டாம், நடுவில் இருந்தவர்கள் போதும். "அண்ணா, உங்க கிளாஸ்ல எத்தனை பேர் இப்ப படிச்ச துறையிலேயே இருக்காங்க?" என்ற ஒரு கேள்வி, பத்து பிரவுச்சருக்குச் சமம்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கு

எடுத்த பிரிவு சரியில்லையோ என்று இரண்டாம் ஆண்டில் தோன்றினால், எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மெக்கானிக்கல் படிப்பவர் டிசைன் மென்பொருளும் ஆட்டோமேஷனும் கற்றுக்கொண்டால் வாகனத் துறை வாய்ப்பு கூடும். மின் பொறியியல் படிப்பவருக்கு மின்சார வாகனம், சூரிய சக்தி, காற்றாலை எல்லாம் திறந்திருக்கின்றன. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில், நிறுவனங்கள் நடத்தும் திறன் பயிற்சிகள் கல்லூரியிலேயே கிடைக்கின்றன. மார்க்குக்காக மட்டும் முடிக்காமல், 30 விளம்பரத்தில் திரும்பத் திரும்ப வந்த திறமை எது என்று பார்த்து எடுத்தால் பலன் உண்டு.

படிப்பை முடித்தும் வேலை கிடைக்காதவர்களுக்குத் தொழிற்பழகுநர் பயிற்சி ஒரு நல்ல கதவு. பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் ஒரு வருடம் நிறுவனத்திலேயே பயிற்சி, மாத உதவித்தொகையும் உண்டு. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு கொடுக்கிறது. தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. படித்து முடித்துச் சில வருடங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற வரம்பு இருப்பதால், தள்ளிப்போடாமல் பதிவு செய்வது நல்லது.

எண்கள் சொல்லாதது

இவ்வளவு எண்களையும் பார்த்த பிறகும் ஒன்று பாக்கி இருக்கும். சராசரி என்பது கூட்டத்தின் கணக்கு. உங்கள் பிள்ளைக்குக் கணக்கு பிடிக்குமா, கையால் வேலை செய்யப் பிடிக்குமா, மனிதர்களோடு பேசப் பிடிக்குமா என்று எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது. பிடிக்காத படிப்பில் அரியர் வைத்துத் திணறுபவருக்கு, அந்தத் துறையில் எத்தனை வேலை இருந்தாலும் பயனில்லை.

அதனால் முதலில் பிள்ளைக்குப் பிடித்த, முடியக்கூடிய மூன்று படிப்புகளை எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் நேராக நான்கு எண்கள்: 30 விளம்பரத்தில் புதியவர்களுக்கு எத்தனை, கல்லூரியின் மீடியன் சம்பளம், மொத்தச் செலவு, வீட்டிலிருந்து வேலை கிடைக்கும் ஊர் எவ்வளவு தூரம். அந்த ஒரு பக்கத்தை நடுவில் வைத்துக்கொண்டு, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், அப்பா, முக்கியமாகப் படிக்கப் போகும் பிள்ளை எல்லோரும் பேசட்டும். சாய்ஸ் லாக் செய்யும் முன் அந்தப் பேச்சு முடிந்துவிட வேண்டும். லாக் செய்த பிறகு பேசிப் பயனில்லை.